அரட்டை பெயரில் எபிகே வந்தால் அசலா, போலியா? ஆப்பின் 'கைரேகை'யை கண்டுபிடிப்பது எப்படி?

2025 செப்டம்பரில் ஸோஹோவின் 'அரட்டை' செயலி டவுன்லோடுகளில் திடீரென எகிறியது ஞாபகம் இருக்கும். 2021லேயே வந்த ஆப்தான். குற்றாலம் பக்கத்தில், தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் என்பதால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு கூடுதல் பெருமை.

ஆனா ஒரு ஆப்பின் பெயரையும் லோகோவையும் காப்பியடிப்பது ரொம்ப ஈஸி. டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் எபிகே ஃபைல் அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி பற்றி போலீஸ் பலமுறை எச்சரித்துவிட்டது.

காப்பியடிக்க முடியாதது எது?

ஒவ்வொரு ஆண்ட்ராய்டு ஆப்பும் தயாரிப்பாளரின் ரகசிய 'கீ'யால் கையெழுத்திடப்படுகிறது. அந்தக் கையெழுத்துச் சான்றிதழின் சுருக்கம்தான் எஸ்ஹெச்ஏ-256 கைரேகை. மொத்தம் 64 எழுத்து, எண்கள். வேறு கீயில் கையெழுத்திட்டால் கைரேகையும் மாறிவிடும். அதனால்தான் உங்க போனில் இருக்கும் அசல் ஆப் மேல் போலி 'அப்டேட்' ஏறாது. போனே தடுத்துவிடும்.

அப்போ எப்படி ஏமாறுகிறோம்? போலி ஆப், அப்டேட்டாக வருவதில்லை. வேறு பேக்கேஜ் பெயரில் புது ஆப்பாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதிலும் ஒரு கையெழுத்து இருக்கும், திருடனின் கையெழுத்து! 'கையெழுத்து இருக்கா' என்று பார்த்துப் பிரயோஜனமில்லை, 'யாருடையது' என்பதுதான் கேள்வி.

எப்படிப் பார்ப்பது?

கம்ப்யூட்டரில், ஆண்ட்ராய்டு டெவலப்பர் கருவிகளோடு வரும் 'எபிகே சைனர்' மூலம் ஃபைலை இன்ஸ்டால் செய்யாமலேயே கைரேகையைப் பார்க்கலாம். அதை நிறுவனம் வெளியிட்ட கைரேகையோடு ஒப்பிட வேண்டும். சிக்னல் போன்ற சில ஆப்கள் இதைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. எல்லோரும் போடுவதில்லை, அது பெரிய குறைதான். ஃபைலை அனுப்பியவரே கைரேகையையும் அனுப்பினால் நம்பாதீங்க. இவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்கு வழி ஒன்றுதான்: பிளே ஸ்டோரைத் தாண்டி எதையும் இன்ஸ்டால் செய்யாமல் இருப்பது.

ஆப் தயாரிக்கும் இளைஞர்கள் தடுமாறும் இடம் வேறு. பிளே ஸ்டோரில் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த புது ஆப்களுக்கு இரண்டு கீ. அப்லோடு கீ உங்களிடம், இறுதிக் கையெழுத்து கூகுளிடம். உங்க லேப்டாப் காட்டும் கைரேகையை மட்டும் பதிந்துவிட்டு, ஸ்டோரில் போட்ட பிறகு 'கூகுள் லாகின் வேலை செய்யல' என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். பிளே கன்சோலின் ஆப் சைனிங் பக்கத்தில் இரண்டுமே இருக்கும்.

அடுத்து என்ன?

பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப் தருபவர்களும் அடையாளத்தையும் கீயையும் பதிவு செய்ய வேண்டும் என 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கு விரிவாக்குவது திட்டம். எதிர்ப்பு கிளம்பியதால், விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கையைத் தாண்டி இன்ஸ்டால் செய்ய வழி வைப்பதாகவும் பிறகு சொன்னது. மோசடிக்காரர்கள் போனில் பேசிப் பேசியே அந்த வழியில் நம்மைக் கூட்டிப்போய்விட முடியுமா என்பதுதான் இப்போதைய கவலை.

ஏற்கெனவே பணம் போயிருந்தால், கைரேகை தேடாமல் உடனே 1930க்கு போன் பண்ணுங்க.