மெனு அழகுதான், கோப்பையும் கேட்டு வாங்குங்கள்

பழைய கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றித் தரும் கடைகள் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. அங்கே போகிற நம் வயதுக்காரர்கள் தவறாமல் சொல்வது, "நல்லா மெனு போட்டுக் கொடுங்க" என்பது. அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. மெனு எதுவும் இல்லாத வெறும் வீடியோ கோப்பு.

மெனுவை நான் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், முகூர்த்தம், ரிசப்ஷன் என்று திரையில் வரிசையாக வரும். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் நேரே தாலி கட்டும் இடத்துக்குப் போய்விடலாம். கேசட் காலத்தில் அந்த இடத்தைப் பிடிக்க எத்தனை முறை முன்னும் பின்னும் ஓட்டியிருப்போம்! வயதானவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

ஆனால் அந்த வசதி டிவிடி பிளேயர் இருக்கும்வரைதான். தட்டைக் கணினியில் போட்டுப் பார்த்தால் உள்ளே மூன்று வகைக் கோப்புகள் இருக்கும். விஓபி என்பதில் படமும் ஒலியும். ஐஎஃப்ஓ என்பதில் எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்ற குறிப்பு. பியுபி என்பது அந்தக் குறிப்பின் நகல். விஓபி ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதனால் படம் சடங்குவாரியாக இல்லாமல் அளவுவாரியாகத் துண்டாகிறது. பேரன் ஒரு துண்டை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால், பாதி மந்திரத்தில் தொடங்கி, மாலை மாற்றும்போது நின்றுவிடும்.

தரமும் குறைகிறது. மினி டிவி கேசட்டில் ஒரு மணி நேரப் படம் கணினிக்கு வந்தால் சுமார் 13 ஜிபி. சாதாரண டிவிடி கொள்வது 4.7 ஜிபிதான். இரண்டு மூன்று மணி நேரக் கல்யாணத்தை அதற்குள் அடைக்க, நன்றாகச் சுருக்கித்தான் ஆக வேண்டும். பிறகு அந்த டிவிடியிலிருந்து எடுத்து இன்னொன்று செய்தால் பெரும்பாலும் மறுபடியும் சுருக்குவார்கள், முகங்கள் மங்கும். ஆகவே சுருக்குவதற்கு முந்தைய கோப்பு நம் கையில் இருக்க வேண்டும்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்திம்பேரின் அறுபதாம் கல்யாணத்தை மூன்று டிவிடிகளில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் போன பிறகு, அவர் எல்லோருக்கும் நன்றி சொல்லிப் பேசியதைக் கேட்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். மூன்றாவது தட்டை எந்த பிளேயரும் படிக்கவில்லை. அந்தப் பேச்சு அதில்தான் இருந்தது. ஸ்டூடியோக்காரரிடம் கேட்டோம். "அதெல்லாம் டெலிவரி கொடுத்ததுமே அழிச்சிடுவோம் சார்" என்றார். அக்கா இன்றும் அந்தத் தட்டைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள்.

கடையில் விற்கும் சினிமா டிவிடி அச்சு வார்த்தது போல. நாம் எழுதி வாங்கும் டிவிடியில் ஒரு சாயப் பூச்சில்தான் பதிவு நிற்கிறது. வெயிலும் சூடும் பட்டால் அது கெடும். பிளேயரும் குறைந்துவருகிறது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டு போடும் இடமே இல்லை. விசிஆர் நிலைமை இன்னும் மோசம். கடைசிவரை அதைத் தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது.

இப்போதே செய்யக்கூடியது இது. யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. மேக்எம்கேவி என்ற மென்பொருள் துண்டுகளைச் சேர்த்து, தரம் குறையாமல் முழுக் கோப்பாக எடுத்துத் தரும். செல்போனில் பார்க்க வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். மெனுவை இழக்க மனமில்லையா? முழுத் தட்டையும் ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுங்கள். விஎல்சி பிளேயரில் மெனுவோடு ஓடும். வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள். இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறொரு வீட்டில் வைப்பது நல்லது.

ஒரு வேலை மட்டும் பிள்ளைகளால் ஆகாது. மெனு போனதும் எது எங்கே இருக்கிறது என்ற விவரமும் போய்விடும். அதனால் கோப்புக்கு நாம்தான் பெயர் வைக்க வேண்டும். "1994 கல்யாணம், ஊஞ்சல், பாடுவது பெரியம்மா" என்று எழுதினால் போதும். பாடுவது பெரியம்மா என்று தெரிந்தவர்கள் இப்போது வீட்டுக்கு ஒருவரோ இருவரோதான் இருக்கிறோம்.