டீசல் விலை: ஏறினால் மக்களுக்கு, இறங்கினால் கஜானாவுக்கா?

டீசல் விலை ஏறும்போதெல்லாம் ஆட்சியாளர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். "உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறிவிட்டது. நாங்கள் என்ன செய்ய முடியும்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்துதான் வாங்குகிறோம் என்பதும் உண்மையே. ஆனால் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது நம் ஊர் பெட்ரோல் பங்க்கில் ஏன் சரியவில்லை? இந்தக் கேள்விக்கு மட்டும் நேரான பதில் வருவதில்லை.

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 2010 ஜூனில் பெட்ரோல் விலையையும், 2014 அக்டோபரில் டீசல் விலையையும் நிர்ணயிக்கும் பொறுப்பிலிருந்து மத்திய அரசு விலகிக்கொண்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாறும் முறை நாடெங்கும் வந்தது. உலக விலை ஏறினால் இங்கும் ஏறும், இறங்கினால் இங்கும் இறங்கும் என்று மக்களுக்கு விளக்கம் சொல்லப்பட்டது.

நடந்தது என்ன? 2014ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே வந்தது. விலை இறங்க இறங்க, 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் ஒன்பது முறை கலால் வரி உயர்த்தப்பட்டது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது நம் நாடு வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை 20 டாலரைக்கூடத் தொடவில்லை. லோடு கிடைக்காமல் லாரிகள் வரிசையாக நின்ற அந்த நேரத்தில், மே மாதத்தில், ஒரே அறிவிப்பில் டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாயும் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் வரி ஏற்றப்பட்டது. 2014இன் தொடக்கத்தில் 3 ரூபாய் 56 காசாக இருந்த டீசல் மீதான கலால் வரி 31 ரூபாய் 83 காசானது. ஏறத்தாழ ஒன்பது மடங்கு!

இது ஏதோ காசுக் கணக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு டில்லி போய்ச் சேர ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 600 லிட்டர் டீசல் வேண்டும். பழைய வரியில் இந்த ஒரு டிரிப்புக்குக் கலால் வரி மட்டும் 2,136 ரூபாய். 2020 மே மாத வரியில் 19,098 ரூபாய். இது போகிற வழிக்கு மட்டும்தான். ரிட்டன் லோடு கிடைக்காவிட்டால் காலி வண்டியைத் திருப்பிக் கொண்டுவரும் டீசலும் சொந்தக் கையிலிருந்துதான் போக வேண்டும்.

பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிகள் டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன. சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் நகையை அடகு வைத்து, பைனான்ஸில் கடன் வாங்கி, ஒரே ஒரு லாரி வாங்கி, அதைத் தாமே ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த வசதி ஏது? புக்கிங் ஆபீசில் சொல்கிற வாடகைதான் வாடகை. "கட்டாவிட்டால் விடுங்கள், அடுத்த வண்டி நிற்கிறது" என்பார்கள். தவணை, இன்சூரன்ஸ், எப்.சி., டயர், சுங்கச்சாவடி எல்லாம் போக மிச்சம் என்ன? அந்த மிச்சத்தைக் காப்பாற்றத்தான் தூக்கத்தை விட்டு ஓட்டுகிறார்கள், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுகிறார்கள். அதன் விலையைச் சாலையில் உயிராகக் கொடுப்பவர்களும் உண்டு.

நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் சுற்றுலா வேன்காரர் நிலையும் இதுவே. முன்பணம் வாங்கி வாடகை பேசி முடித்த பிறகு டீசல் ஏறினால், அந்த நஷ்டம் அவர் தலையில்தான்.

தேர்தல் நேரத்து வேடிக்கையையும் மறந்துவிடக் கூடாது. 2021 நவம்பர் 4இல் வரி குறைக்கப்பட்ட பிறகு நான்கரை மாதம் பெட்ரோல் டீசல் விலை அசையவில்லை. ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் 2022 மார்ச் 10இல் வந்தன. மார்ச் 22 தொடங்கி 16 நாட்களில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. சென்னையில் டீசல் 100 ரூபாயைத் தாண்டியது. விலையைச் சந்தைதான் முடிவு செய்கிறது என்கிறார்களே, அந்தச் சந்தைக்குத் தேர்தல் தேதியும் தெரியுமா?

வரி குறைக்கப்படவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. டீசலுக்கு 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தார்கள். அதற்குப் பிறகும் கலால் வரி 15 ரூபாய் 80 காசு. அதாவது 2014இல் இருந்ததைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். 2025 ஏப்ரலில் உலக விலை சரிந்தவுடன் மீண்டும் 2 ரூபாய் ஏற்றினார்கள். பங்க்கில் விலை ஏறவில்லையே என்றார்கள். ஆம், ஏறவில்லை. ஆனால் இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்கவில்லை என்பதுதானே வழக்கு!

நலத்திட்டங்களுக்குப் பணம் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும்தான். 2020-21ஆம் ஆண்டில் பெட்ரோல், டீசல் கலால் வரியாக மட்டும் 3.35 லட்சம் கோடி ரூபாய் வசூலானதாக நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 செப்டம்பரில், பெரும் கம்பெனிகளின் வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மாளிகைவாசிக்குச் சலுகை, லாரிக்காரருக்குச் சுமை. லாரி வாடகை ஏறினால் அரிசியும் வெங்காயமும் ஏறும். ஏழை வீட்டு அடுப்பும் அந்த வரியைக் கட்டுகிறது.

மாநிலங்களின் நிலை இன்னும் பரிதாபம். 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு டீசல் மீதிருந்த 31 ரூபாய் 80 காசு வரியில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 80 காசு. மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் டில்லிக்கே. அதற்காக மாநில அரசையும் விட்டுவிட முடியாது. 2021 தேர்தலில் டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்று தி.மு.க. வாக்களித்தது. அந்த ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. டீசலைத் தொடவில்லை.

2018 ஜூலையில் எட்டு நாள் நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தம் நடந்தது. டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவர வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. வாக்குறுதி தந்து வண்டிகளை ஓட வைத்தார்கள். 2017இல் "ஒரே நாடு, ஒரே வரி" என்று முழங்கியவர்கள் டீசலை வெளியே நிறுத்தியதால், அதற்குக் கட்டும் வரியை லாரிக்காரர் கழித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போனது.

நாம் இலவசம் கேட்கவில்லை. கச்சா எண்ணெய் இந்த அளவைத் தாண்டினால் வரி இவ்வளவு குறையும் என்று சட்டமாக ஒரு விதி எழுதுங்கள். இறங்கும்போது அந்தப் பலனில் மக்களுக்கு உள்ள பங்கையும் அதிலேயே எழுதுங்கள். செஸ் என்ற போர்வையை விலக்கி மாநிலங்களுக்கு உரியதைக் கொடுங்கள். மாநிலங்களின் இழப்பை ஈடுகட்டி, டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவாருங்கள். சிறு லாரி உரிமையாளரின் வாடகையும் டீசல் விலையோடு சேர்ந்து ஏற வழி செய்யுங்கள்.

நஷ்டத்தில் மட்டும் பங்கு, லாபத்தில் பங்கில்லை என்றால் அதற்குப் பெயர் கூட்டு வியாபாரம் அல்ல, சுரண்டல். மக்களோடு அரசு நடத்தும் இந்தக் கணக்கு எப்போது நேராகும்?