பூங்கா இடத்தை பில்டருக்கு மாற்றிக் கொடுக்கலாமா?

ராஜபாளையம் பக்கம் தேவதானத்தில் பிளாட் பார்க்கப் போறீங்களா? லேஅவுட் வரைபடத்தில் 'பூங்கா' என்று குறித்த இடத்தையும் ஒருமுறை பாருங்க.

அது யாருடையது?
தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தை உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதித் தரணும். பதிலுக்குப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. இந்த ஓ.எஸ்.ஆர். முறை செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

'பொதுநலம்' என்று தனியாருக்குக் கொடுத்தால்?
பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை, முதல்வர் உத்தரவின்பேரில் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தினர் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் பூங்காவும் ஒன்றல்ல என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஒதுக்கீடு ரத்தானது. வழக்குப் போட அங்கு வசிப்பவர்களுக்கு உரிமை உண்டு என்பதும் உறுதியானது.

'வேற இடம் தர்றோம்' என்றால்?
ஊருக்கு வெளியே இரண்டு மடங்கு கொடுத்தாலும், சாயங்காலம் தெருப் பிள்ளைகள் அங்கே போய் விளையாட முடியாது. பூங்காவின் மதிப்பே அது இருக்கும் இடம்தான்.

என்ன செய்யலாம்?
அங்கீகரித்த வரைபடம், தானப்பத்திரம் இரண்டின் நகலையும் ஆர்.டி.ஐ. மூலம் இப்போதே வாங்கி வைங்க. கிராம சபையிலும் கேளுங்க. கட்டடம் எழும்பிய பிறகு கேட்பது ரொம்பக் கஷ்டம்.