என்ஜினுக்கு என்ன கோளாறு?

 

லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல் பெற்ற பெயரும், ரிக் வண்டிகளால் திருச்செங்கோடு பெற்ற பெயரும் நாடறிந்தவை. சங்ககிரியில் லாரியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். நம் பிள்ளைகளும் பலர் ஸ்டியரிங் பிடித்து வடநாடு செல்கின்றனர். தமிழும் இந்தியும் கைகொடுக்காத இடத்தில் அவர்களுக்கு உதவுவது, பட்டறையில் காதால் கேட்டுப் பழகிய சில ஆங்கிலச் சொற்களே.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், புதிதாக வண்டி ஓட்டத் தொடங்கியவர், நாக்பூருக்கு அப்பால் டீசல் தீர்ந்து நின்றுவிட்டார். டீசல் ஊற்றிய பின்னும் வண்டி கிளம்பவில்லை. 'என்ஜின் பிராப்ளம்' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. மெக்கானிக் பம்பையே கழற்றிவிட்டார். இரண்டு நாள் வீணாயிற்று, கூலியும் போயிற்று. 'ஏர் லாக்' என்று சொல்லியிருந்தால் அரைமணி நேர வேலை. டீசல் குழாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்வதே அது. திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையின்றி டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு 'ப்ளீடிங்' என்று பெயர்.

நம் பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' என்பார்கள். அறியாதவரிடம் 'என்ஜின் மிஸ்ஸிங்' என்றால் என்ஜின் திருடு போயிற்றோ என்று திகைப்பார்! ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் வண்டி குலுங்குவதை 'மிஸ்ஃபயரிங்' என்பதே தெளிவு. உள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் 'நாக்கிங்'. ஓடும்போதே அணைந்துவிடுவது 'ஸ்டாலிங்'. ஆயில் வற்றி உட்பாகங்கள் பிடித்துக்கொள்வது 'சீஸ்'. சூடு மிகுவது 'ஓவர்ஹீட்டிங்'. அந்நேரம் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது கொதிநீரை முகத்தில் வாங்குவதாகும்.

புகையின் நிறத்தையும் சொல்லத் தெரிய வேண்டும். கரும்புகை என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்கலாம். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்காவிடில் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என ஐயுற வேண்டும். 'ஹெட் கேஸ்கட்' போயிருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் புகை வடிகட்டப்படுவதால் கண்ணை மட்டும் நம்ப இயலாது. 'செக் என்ஜின்' விளக்கையும் கவனிக்க வேண்டும்.

பழைய வண்டி விற்போருக்கு இச்சொற்கள் இன்னொரு வகையில் கடமையாகின்றன. பொருளின் ஐபை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் ஆகாது. 'கொஞ்சம் ஆயில் குடிக்கும்' என்று சிரித்து மழுப்பாமல், எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடுவதே முறை. விலை குறையும்தான், குறையட்டும்.

பிரேக், கிளட்ச் பற்றிய சொற்களை அடுத்த இதழில் காண்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.