உடைந்த பாலமும் நேர்கோடும்

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலிருந்து பார்த்தால் பெசன்ட் நகர்க் கரை கண்ணுக்கெட்டும் தூரம்தான். நடுவே அடையாற்றின் முகத்துவாரம். 1970-களில் ஆற்று வெள்ளம் அடித்துச் சென்றதுபோக எஞ்சிய பாலம் இன்றும் அரைகுறையாக நிற்கிறது. இலக்கை மட்டும் பார்த்து நடப்பவன் அதன் விளிம்பில் நின்றுவிடுவான். போய்ச் சேர நினைப்பவனோ முதலில் இலக்கை விட்டு விலகி, மேற்கே திரு.வி.க. பாலத்துக்குச் செல்ல வேண்டும்.

வழி தேடும் கணிதத்தின் சிக்கலும் இதுவே. டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறை பிழையற்றது. ஆனால் மயிலாப்பூரிலிருந்து அடையாறு செல்ல, எதிர்த்திசையில் உள்ள திருவல்லிக்கேணித் தெருக்களையும் துழாவும். 1968-இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் முன்வைத்த ‘ஏ ஸ்டார்’ முறை அதனுடன் ஓர் ஊகத்தைச் சேர்த்தது. கடந்த தூரத்தையும் மீதமிருக்கக்கூடிய தூரத்தையும் கூட்டி, குறைவாக வரும் வழியை முதலில் ஆராயும். நிபந்தனை ஒன்றுதான்: மீதியை உள்ளதைவிட அதிகமாக மதிப்பிடக் கூடாது. மதிப்பிட்டால் நல்ல வழி ஆராயப்படாமலே போய்விடலாம். நேர்கோட்டுத் தூரம் இதற்குப் பொருந்தும். எந்தச் சாலையும் அதைவிடக் குறுகியதல்லவே.

ஆனால் ஊகம் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், தெருக்களைப் பற்றி நாம் கொடுத்த தகவல் தவறென்றால் விடையும் தவறுதான். ஆகவே, கைபேசி வரைபடம் இருக்க ஊரறிவு எதற்கு என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம் மூடப்பட்டது. கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. முந்தைய வாரத்துக் குறுக்குவழிகள் அன்று ஆறாகிவிட்டன. அப்போது தன்னார்வலர்கள் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் உதவியுடன் நீர் சூழ்ந்த தெருக்களைக் குறித்தார்கள். அதற்கான தகவல் தெருக்களில் நின்ற மனிதர்களிடமிருந்தே வந்தது.

அந்த அறிவு பழைய பெயர்களிலும் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை உண்டு, ஏரி இல்லை. தியாகராய நகர் 1920-களில் உருவானபோது தூர்க்கப்பட்ட ஏரியின் நினைவு அது. பெயரை மாற்றினாலும் பள்ளம் பள்ளம்தான். மழைநீருக்கு அது தெரியும்.

மயிலாப்பூரின் மாட வீதிகளைப் பற்றி எத்தனையோ எழுதுகிறோம். எந்தத் தெருவில் முதலில் நீர் நிற்கும், எந்த முனை மேடு, எந்தச் சந்து கடைசிவரை திறந்திருக்கும் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்கலாம். அடுத்த வெள்ளத்தில் இரவு நேரத்தில் நோயாளியோடு மருத்துவமனைக்கு வழி தேடுகிறவருக்கு அந்தக் குறிப்பு உதவும்.