வழக்கு வண்டிப்பெரியாறுக்கு, வருமானம் கலிபோர்னியாவுக்கு

முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் ஏறினால் போதும், சமூக ஊடகங்களில் பீதி கிளப்புவோர் மீது சட்டம் பாயும் என்று கேரள அரசின் அறிவிப்பு வந்துவிடுகிறது. 2021 அக்டோபரில் சட்டமன்றத்திலேயே சொன்னார்கள். வயநாடு நிலச்சரிவுக்குப் பின், 2024 ஆகஸ்டிலும் அதே மிரட்டல். குற்றவாளி யார் என்றால், கையில் செல்போன் வைத்திருந்தவர். அவர் எடுத்த காணொளியைக் குமுளியிலும் கம்பத்திலும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்த நிறுவனத்தை நோக்கி விரல் நீளவில்லை.

யூடியூபின் கணக்கையே பார்ப்போம். நீளக் காணொளிகளுக்கு வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு பதிவேற்றியவருக்கு, 45 விழுக்காடு நிறுவனத்துக்கு. அணை இன்றிரவே உடையும் என்று முகப்புப் படத்தில் எழுதியவருக்குக் காவல் நிலையம். அந்த அச்சத்தில் கிட்டத்தட்டச் சரிபாதி சம்பாதித்தவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. யாருக்கு எந்தக் காணொளியைக் காட்டுவது என்பதை முடிவு செய்வது நிறுவனத்தின் கணினி. தேர்ந்தெடுத்துப் பரிமாறுகிறவரை வெறும் தபால்காரர் என்று எப்படி ஏற்பது? வெறுப்புப் பேச்சைக் கண்டறியும் கருவிகள் இந்தி, வங்காளம், தமிழ், உருது மொழிகளில் இருப்பதாக 2021இல் பேஸ்புக் சொன்னது. அந்தப் பட்டியலில் மலையாளம் இல்லை. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் தேவிகுளத்துக்கும் சித்தூருக்கும் இதன் பொருள் என்ன என்று திருவனந்தபுரம் கேட்டிருக்க வேண்டாமா?

வதந்தி யூடியூபுக்கு முன்பே உண்டு என்பார்கள். உண்மைதான். 2011 டிசம்பரில் அணைத் தகராறு முற்றி, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் அடிபட்டு, குழந்தைகளோடு மலையிறங்கி ஓடிவந்தபோது குறுங்காணொளிகள் ஏது! ஆனால் அந்த வடு இருக்கும் இடத்தில்தான் இன்று பீதி விற்பனையாகிறது. 2021இல் அணையைப் பற்றி ஒரு நடிகர் இட்ட ஒற்றைப் பதிவுக்குத் தேனியில் உருவபொம்மை எரிந்தது. நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் என்ன செய்யும் என்பது அடுத்த வாதம். புதிய அணை கேட்டு 2011இல் தீர்மானம் நிறைவேற்றிய சட்டமன்றத்துக்கு, இந்த நிறுவனங்களைப் பற்றி ஒரு தீர்மானம் போடவா கை வலிக்கிறது?

வலிமையானவரை விட்டு எளியவரைப் பிடிப்பது இவர்களுக்குப் புதிதல்ல. கேரளக் காவல் சட்டத்தில் 118(டி) என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்தார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவோடு சேர்த்து அதையும் தூக்கி எறிந்தது. பாடம் கற்றார்களா? 2020 நவம்பரில் 118ஏ என்று அவசரச் சட்டமாக வந்தது. மூன்றாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், எல்லாம் பதிவிட்டவருக்கும் பகிர்ந்தவருக்கும்தான். நாடே சிரித்த பிறகு, சில நாட்களில் சுருட்டிக்கொண்டார்கள். அணையின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது குடிமகனின் உரிமை. நீர்மட்டம் 142 அடி வரை ஆபத்தில்லை என்று 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் கேட்கலாம். அந்தக் கேள்வியையும் கட்டுக்கதையையும் ஒரே வழக்கில் அடைக்கும் கான்ஸ்டபிள் வேலை போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய நிறுவனங்களின் பரிந்துரை முறையையே ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படுத்துகிறது. தவறினால் உலக விற்றுமுதலில் 6 விழுக்காடு வரை அபராதம். இங்கும் அப்படியொரு கடிவாளம் வேண்டும். அதை டெல்லி செய்தாலும் சரி, இரு மாநிலங்களும் சேர்ந்து கேட்டு வாங்கினாலும் சரி. அடுத்த மழைக்கு முன், குறைந்தபட்சம் அந்த 45 விழுக்காட்டுக்காரரை அழைத்து விசாரிக்கட்டும்.