மச்சினன் ஏற்றிய காஸ்

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த அன்றே என் காரின் ஏ.ஸி. கையை விரித்துவிட்டது. கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பதினோரு வயசான செகண்ட் ஹாண்ட் வண்டி. ஆபீஸ் பார்க்கிங்கில், பந்தி முடிந்த பிறகு வந்த உறவினர் மாதிரி ஓரமாக நிற்கும்.

"காஸ் இல்லே சார். செக் பண்ணி ஏத்த ரெண்டாயிரம் ஆகும்" என்றார் மெக்கானிக். கையில் காசுத் தட்டுப்பாடு. வீட்டுக்கு வந்து புலம்பினேன். அங்கேதான் தப்பு. மச்சினன் காதில் விழுந்துவிட்டது.

"எதுக்கு மாமா மெக்கானிக்? அமெரிக்காவுல அவனவன் வீட்டு வாசல்லயே ஏத்திக்கிறான். ஒரு கேன், ஒரு ஹோஸ், ஒரு மீட்டர். இருபது நிமிஷம்!"

ஞாயிற்றுக்கிழமை கேன் வந்தது. ஆர்-134ஏ, 450 கிராம். பானெட்டைத் திறந்தால் இரண்டு அலுமினியக் குழாய்கள். ஒன்று ஒல்லி, மூடியில் H. இன்னொன்று பருமன், மூடியில் L. மச்சினன் நேராகப் போய் H-இல் ஹோஸை வைத்து அழுத்தினான். பொருந்தவில்லை.

"லேசாத் தட்டினா உள்ள போயிடும் மாமா. சுத்தி இருக்கா?"

எடுக்க உள்ளே போனேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். காப்பி கொண்டு வந்த என் மனைவிதான், "ஏன்டா, பக்கத்துல L-னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?" என்றாள். L-இல் வைத்தான். 'டக்'கென்று உட்கார்ந்தது.

அப்புறம்தான் தெரிந்தது. H என்பது ஹை பிரஷர். ஏ.ஸி. ஓடும்போது அங்கே அழுத்தம் எக்கச்சக்கம். கேனை அதில் மாட்டினால் காஸ் காருக்குள் போகாது. கார் கேனுக்குள் தள்ளும். கேன் வெடிக்கும். மடையர்கள் மாற்றி மாட்டக் கூடாதென்றே இரண்டு வாயையும் வேறு வேறு அளவில் செய்திருக்கிறார்கள். செய்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். சுத்தியல் விஷயம் அவருக்குத் தோன்றவில்லை, பாவம்.

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே மீட்டர் முள் 110-ஐத் தொட்டது. "ஃபுல்லா இருக்கே மாமா!" என்று குழம்பினான். ஃபுல்லாவது, கில்லாவது! சமையல் காஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய எடைதான் போட வேண்டும். இதுவும் அப்படியே. இன்ஜின் ஓடாதபோது முள் காட்டுவது காஸ் அளவை அல்ல, அன்றைய வெயிலை!

இன்ஜினை ஓடவிட்டு, ஏ.ஸி.யை ஃபுல்லில் வைத்து, மச்சினன் குத்துமதிப்பாக அரை கேன் ஏற்றினான். ஜில்லென்று வந்தது பாருங்கள் காற்று! ஒன்பது நாள் ஆபீசுக்கு காஷ்மீர் வழியாகப் போய் வந்தேன்.

பத்தாம் நாள் திண்டிவனத்தில் கல்யாணம். நான், மனைவி, பின் சீட்டில் மாமியார். அவருக்கு பி.பி. உண்டு. மதுராந்தகம் தாண்டியதும் ஏ.ஸி.யில் வெந்நீர்க் காற்று. கண்ணாடியை இறக்கினால் அனல். கொஞ்ச நேரத்தில் மாமியார் பேச்சு நின்றுவிட்டது. அவர் பேச்சு நிற்கிற ரகம் இல்லை. திரும்பிப் பார்த்தால் கண் செருகியிருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. புளிய மரத்தடியில் நிறுத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, இளநீர் கொடுத்து... அரைமணி கழித்து, "முகூர்த்தம் போச்சா?" என்று கேட்டார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

திண்டிவனத்தில் ஒரு ஏ.ஸி. மெக்கானிக். ஒரு குழாய் இணைப்பை விரலால் தடவிக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு.

"இது பெட்ரோல் மாதிரி செலவாகற சரக்கு இல்லே சார். அதே காஸ்தான் சுத்திச் சுத்தி வரும். குறைஞ்சா ஓட்டைன்னு அர்த்தம். அடைக்காம ஏத்தினா எத்தனை நாள் நிக்கும்? எவ்ளோ போட்டீங்க?"

"அரை கேன்... இருக்கும்."

"இருக்குமா? அதிகமாப் போயிருந்தா கம்ப்ரஸர் காலி சார். பதினஞ்சு, இருபதாயிரம்."

ஓட்டைக்குக் காரணம், மோதிரம் அளவு ரப்பர் வளையம் ஒன்று. மாற்றினார். மிச்சக் காஸைக் கருவியில் இழுத்துப் பிடித்தார். காற்றில் விட்டால் ஓசோனுக்குக் கெடுதல் இல்லையாம். ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ இது, ஆயிரம் கிலோ கரியமில வாயுவுக்கும் மேல். அப்புறம் அரைமணி நேரம் வாக்குவம் பம்ப். உள்ளே ஈரக்காற்று இருந்தால் ஐஸாகி வழியை அடைக்குமாம். கடைசியில் பானெட் ஸ்டிக்கரைப் பார்த்து, தராசில் வைத்து, கிராம் கணக்கில் காஸ். பில் ரெண்டாயிரத்து நூறு.

திரும்பும் வழியில் மச்சினன் போன்.

"மாமா, அரை கேன் மிச்சமிருக்குல்ல? நம்ம வீட்டு பழைய ஃபிரிட்ஜ்லயும் இதே காஸ்தானாம். சாயங்காலம் வரட்டுமா?"

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.